தீர்ப்பின் இரண்டாம் பாதி
தமிழ்நாட்டின் சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

அரசமைப்புச் சட்ட வகுப்பில் தனியுரிமை என்று தலைப்பு வந்தால் புட்டசாமி வழக்கில் தொடங்கி அதிலேயே பாடம் முடிந்துவிடும். தேர்வுக்கு அது போதும். ஆனால் அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊரிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கு இருக்கிறது: ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு. தீர்ப்பு நாள் 1994 அக்டோபர் 7. வழிகாட்டி நூல்களில் நாலு வரியில் சுருக்கிக் கொடுப்பார்கள். அதை நம்பாமல் மூலத்தை முழுசாகப் படியுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். படித்த பிறகு செய்ய வேண்டிய வேலைகளும் உண்டு.

ஆறு கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், செங்கல்பட்டு கிளைச் சிறையில் இருந்தபோது, 1991இல், தன் வாழ்க்கையை ஏறத்தாழ 300 பக்கங்களுக்கு எழுதியதாகவும், தன்னோடு நெருக்கமாக இருந்த ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளைப் பற்றி அதில் சொல்லியிருப்பதாகவும், சிறை அதிகாரிகளுக்குத் தெரிந்தே அது வெளியே வந்ததாகவும் நக்கீரன் இதழ் சொன்னது. அதைத் தொடராக வெளியிடப்போவதாக அறிவிப்பு வந்ததும், 1994 ஜூன் 15 அன்று சிறைத்துறைத் தலைவரிடமிருந்து ஒரு கடிதம் போனது. இது அவர் எழுதியதே இல்லை, வெளியிடக் கூடாது, மீறினால் நடவடிக்கை என்றது கடிதம். பத்திரிகை உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பின் முதல் பாதி உங்களுக்குத் தெரியும். தனித்து விடப்படும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் குடிமகளுக்கும் உண்டு, அது 21ஆம் பிரிவுக்குள் அடங்கியது. குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, கல்வி போன்றவற்றைப் பற்றி ஒருவர் சம்மதமின்றி இன்னொருவர் எழுத முடியாது. பொது ஆவணத்தில் உள்ளதை எழுதலாம். ஆனால் பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயரை ஆவணத்தில் இருந்தாலும் எழுதக் கூடாது.

இரண்டாம் பாதியைத்தான் நாம் மறந்துவிட்டோம். அரசு ஊழியர் தன் அலுவல் கடமையில் செய்த செயல்களைப் பொறுத்தவரை இந்த உரிமையைக் கோர முடியாது என்றது நீதிமன்றம். எழுதியது பிழையாகவே இருந்தாலும், உண்மையைப் பற்றிச் சிறிதும் அக்கறையின்றி எழுதினார்கள் என்று நிறுவினாலொழிய அந்த அதிகாரி இழப்பீடு கேட்க முடியாது. தன் பெயர் கெடும் என்று அஞ்சி வெளியீட்டையே முன்கூட்டித் தடுக்க அரசுக்கோ அதிகாரிக்கோ எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை. குடிமக்களுக்குத் திரை உண்டு, அதிகாரத்தில் இருப்பவரின் அலுவலுக்குத் திரை இல்லை. ஒரே தீர்ப்பில், ஒரே மூச்சில் சொல்லப்பட்டது இது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் தனியுரிமை என்பது என் உறுதியான எண்ணம். ஒன்றைப் பிய்த்தெடுத்தால் மற்றது நிற்காது.

இப்போது நடந்திருப்பதைப் பாருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவு, ஆங்கிலத்தில் ‘ஜே’, முன்பு எப்படி இருந்தது? தனிப்பட்ட தகவலைத் தர மறுக்கலாம். ஆனால் அந்தத் தகவலுக்குப் பொதுச் செயற்பாட்டோடோ பொது நலனோடோ தொடர்பு இருக்கக் கூடாது, அல்லது அதைத் தருவது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுவதாக இருக்க வேண்டும். பெரிய பொது நலன் குறுக்கே நின்றால் அப்போதும் தர வேண்டும். கூடவே, நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைச் சாதாரண மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்று ஒரு வரி. சாமானியரைச் சட்டமன்ற உறுப்பினருக்குச் சமமாக உட்கார வைத்த வரி அது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 44(3) பிரிவின் மூலம் இத்தனையையும் அழித்துவிட்டு, தனிப்பட்ட தகவல் தொடர்பானது என்றால் மறுக்கலாம் என்று மொட்டையாக நிறுத்திவிட்டது. 2025 நவம்பரில் இது நடைமுறைக்கும் வந்தாயிற்று. ஒப்பந்தக்காரரின் பெயர் தனிப்பட்ட தகவல். ஊரக வேலைத் திட்டத்தின் வருகைப் பட்டியலில் இருக்கும் பெயர்கள் தனிப்பட்ட தகவல். சாலை போட்டதாகக் கையெழுத்திட்ட பொறியாளரின் பெயரும் அப்படித்தான். 1990களில் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் நடத்திய பொது விசாரணைகளில் மக்கள் உரக்கப் படித்தது இந்தப் பெயர்களைத்தானே! செத்தவர் பெயரில் கூலி, வேலைக்கே வராதவர் பெயரில் கூலி என்று ஊர் முன்னால் அம்பலப்படுத்தியதிலிருந்துதான் தகவல் அறியும் உரிமை இயக்கம் வளர்ந்தது. அந்தச் சட்டத்தைத் தேசிய அளவில் 2005இல் கொண்டுவருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1997இல், குறைகளோடு என்றாலும், தனக்கென ஒன்றை இயற்றிக்கொண்ட மாநிலம் தமிழ்நாடு.

புட்டசாமி தீர்ப்பு தனியுரிமையை அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டதால் இந்தத் திருத்தம் தேவைப்பட்டது என்கிறது ஒன்றிய அரசு. இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. அந்தரங்கத்தையும் பொது நலனையும் தராசில் வைத்துப் பார்க்கும் வேலையைப் பழைய பிரிவே செய்துகொண்டிருந்தது. ஏ.பி. ஷா, சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர். அவர் தலைமையிலான நிபுணர் குழு 2012இலேயே, தனியுரிமைக்கென வரும் சட்டம் தகவல் அறியும் உரிமையைக் குறுக்கிவிடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தது. மறுபக்கம், அதே 2023 சட்டத்தின் 17(2) பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைச் சொல்லி எந்த அரசு அமைப்பையும் சட்டத்திலிருந்தே விலக்கி வைக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது. நம் தகவல் அவர்களுக்குத் திறந்திருக்கும், அவர்கள் தகவல் நமக்கு மூடியிருக்கும். ராஜகோபால் தீர்ப்பைத் தலைகீழாகக் கவிழ்த்தால் கிடைப்பது இதுதான்.

திறந்திருப்பது எவ்வளவு என்று புரிய, காவல்துறையின் முக அடையாள மென்பொருளை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2021 முதல் அது புழக்கத்தில் இருக்கிறது. இரவு ரோந்தில் நிற்கும் காவலர், சாலையில் போகிறவரைக் கைபேசியில் படம் எடுத்து, பழைய குற்றவாளிகள், காணாமல் போனவர்கள் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். மென்பொருள் ‘இவர்தான்’ என்று ஒருபோதும் சொல்வதில்லை. இரண்டு படங்களும் இத்தனை விழுக்காடு ஒத்துப்போகின்றன என்று ஓர் எண்ணைத் தருகிறது. எந்த எண்ணுக்கு மேல் போனால் ஆளைப் பிடிப்பது என்று தீர்மானிப்பது மனிதர்கள். டெல்லி காவல்துறை 80 விழுக்காட்டுக்கு மேல் வந்தால் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வதாக 2022இல்தான் தெரிந்தது. எப்படித் தெரிந்தது? இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டதால் தெரிந்தது. 80 என்ற எண்ணை யார், எந்த ஆய்வை வைத்து முடிவு செய்தார்கள்? நாடாளுமன்றம் முடிவு செய்யவில்லை. இதற்கென்று நம்மிடம் தனிச்சட்டமே கிடையாது.

கணினிக்கு எல்லா முகமும் ஒன்றில்லை. 2018இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு பெண் ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை போனது. அது வேறு வேலைக்கான மென்பொருள்தான், வேறு நாட்டு முகங்கள்தான். ஆனாலும், நம் ஊர் வெயிலில் நிற்கும் கட்டடத் தொழிலாளி ஒருவரின் முகத்தை நம் காவல்துறையின் மென்பொருள் எத்தனை முறை தவறாகப் பொருத்துகிறது என்று கேட்க இதைவிடக் காரணம் வேண்டுமா? 2024 மே மாதம், தமிழ்நாடு காவல்துறையின் அந்த மென்பொருள் தளத்திலேயே ஒரு கணக்கின் கடவுச்சொல் வழியாக வெளியாள் நுழைந்த செய்தியும் வந்தது. கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றியிருப்பார்கள். அதில் இருந்த முகங்களுக்கு உரியவர்கள் எதை மாற்றுவது?

இந்த இடத்தில் கரக் சிங்கை நினைத்துக்கொள்கிறேன். கொள்ளை வழக்கில் பிடிபட்டு, ஆதாரமில்லை என்று விடப்பட்ட உத்தரப் பிரதேசத்துக்காரர். விட்ட பிறகும் காவல்துறை அவர்மேல் சரித்திரப் பதிவேடு திறந்து, நடு இரவில் வீட்டுக் கதவைத் தட்டியது. 1962இல் உச்ச நீதிமன்றம் இரவில் தட்டுவதை மட்டும் தடுத்தது. கண்காணிப்பின் மற்ற வழிகளை விட்டுவிட்டது. நீதிபதி சுப்பாராவ் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு மட்டுமே முழுவதையும் தவறென்றது. அது சரி என்று ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் ஒப்புக்கொள்ள 2017 ஆகஸ்ட் 24 வரை ஆனது. அந்த வழக்கைத் தொடுத்தபோது, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி புட்டசாமிக்கு வயது 86. அரசின் தலைமை வழக்கறிஞர் 2015இல் அதே கரக் சிங் தீர்ப்பையும் 1954ஆம் ஆண்டின் எம்.பி. சர்மா தீர்ப்பையும் கையில் வைத்துக்கொண்டு, தனியுரிமை என்று ஓர் அடிப்படை உரிமையே இந்த நாட்டில் கிடையாது என்று வாதாடினார். உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். அவ்வளவு அண்மையில் நடந்தது இது.

நீதிமன்றம் கொடுத்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின் கதையைக் கேளுங்கள். 2012 அக்டோபரில் புதுச்சேரியில், ஒன்றிய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதிய சிறுதொழில் முனைவரை அந்தப் பிரிவில் கைது செய்தார்கள். அடுத்த மாதம் மகாராஷ்டிரத்தின் பால்கரில் இரண்டு இளம்பெண்கள். ஒருவர் முகநூலில் முழு அடைப்பைக் கேள்வி கேட்டார், இன்னொருவர் அதற்கு விருப்பம் தெரிவித்தார். இதைச் செய்தியில் பார்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஷ்ரேயா சிங்காலுக்கு அப்போது 21 வயது. ஏறக்குறைய உங்கள் வயது. 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நாடெங்கும் காவல் நிலையங்களில் 66ஏ பிரிவில் முதல் தகவல் அறிக்கைகள் பதிவாகிக்கொண்டே இருந்தன. மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2021இல் மறுபடி உச்ச நீதிமன்றத்துக்குப் போய்த் தெரிவித்தபோது நீதிபதிகளே அதிர்ந்துபோனார்கள். தீர்ப்பு டெல்லியில் இருந்தது. காவல் நிலையத்தின் எழுத்தருக்கு அதை யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. கைதானவருக்கும் தெரியவில்லை, அவர் சார்பில் ஜாமீன் மனு போட்டவருக்கும் சில நேரம் தெரியவில்லை.

மக்கள் எழுதிக் கேட்டு நடந்தவையும் உண்டு. அவற்றை யாரும் பாடமாக வைப்பதில்லை. 2015 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இணையச் சமவாய்ப்பைப் பற்றி 118 பக்கத்தில் ஒரு கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டது. ஒரு நிறுவனத்தின் செயலிக்கு மட்டும் கட்டணமில்லாமல் வழிவிட்டு மற்றவற்றுக்கு வசூலிக்கலாமா என்பது கேள்வி. எத்தனை பேர் 118 பக்கம் படிப்பார்கள்? தன்னார்வலர்கள் சிலர் உட்கார்ந்து அதைச் சுருக்கி, கேள்விகளுக்குப் பதில்களையும் எழுதி, யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பும்படி இணையத்தில் வைத்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போயின. 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் பாகுபாடான கட்டணங்களைத் தடை செய்தது. ஃபேஸ்புக் பெரும் விளம்பரத்தோடு கொண்டுவந்த இலவசத் திட்டமும் அதோடு இந்தியாவை விட்டுப் போனது. இதில் கசப்பான ஒன்றும் நடந்தது. வந்த கருத்துகளை வெளியிடுகிறோம் என்று, எழுதியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் சேர்த்தே டிராய் வெளியிட்டுவிட்டது. பின்னர் 2022இல் தரவுப் பாதுகாப்பு வரைவுச் சட்டத்துக்குக் கருத்துக் கேட்ட அமைச்சகம், வந்த கருத்துகள் எதையும் வெளியிட மாட்டோம் என்று முன்கூட்டியே அறிவித்தது. கருத்து என்ன என்பதை ஊர் பார்க்க வேண்டும், அனுப்பியவரின் முகவரியை மறைக்க வேண்டும்: ராஜகோபால் தீர்ப்பின் இரண்டு பாதிகளையும் ஒரு முறையாவது சேர்த்துப் படித்திருந்தால் இரண்டு பிழைகளும் நடந்திருக்காது.

அதே 2015 செப்டம்பரில், மறையாக்கம் செய்து அனுப்பும் செய்திகளை 90 நாள்களுக்கு மறையாக்கமில்லாத, படிக்கக்கூடிய வடிவில் சேமித்து வைக்க வேண்டும் என்று ஒரு வரைவுக் கொள்கை வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களிலேயே திரும்பப் பெற்றார்கள். 2025 நவம்பர் 28 அன்று, ஒன்றிய அரசின் சஞ்சார் சாத்தி செயலியை எல்லாப் புதிய கைபேசிகளிலும் முன்கூட்டியே பதித்துத்தான் விற்க வேண்டும் என்று உற்பத்தியாளர்களுக்கு உத்தரவு போனது. செய்தி கசிந்து எதிர்ப்பு எழ, டிசம்பர் 3 அன்று அந்தக் கட்டாயம் கைவிடப்பட்டது. இந்த இரண்டுக்கும் தீர்ப்பு எதுவும் தேவைப்படவில்லை. கேட்டவர்கள் இருந்தார்கள், உரிய நேரத்தில் கேட்டார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் கேட்டார்கள் என்பதில்தான் நம் குறை இருக்கிறது, உங்கள் வேலையும் இருக்கிறது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் 13 பேர் உயிரைப் பறித்த காவல்துறையின் துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். யார் செத்தார்கள், யார் மருத்துவமனையில் கிடக்கிறார்கள் என்று ஊரே தவித்த நேரம் அது. எந்தச் சட்டத்தின் எந்த விதியின்கீழ் நிறுத்தினார்கள், அதை எங்கே போய்க் கேட்பது என்று அந்த மாவட்டங்களின் ஒரு கிராமத்திலாவது தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் இருந்திருக்க வேண்டும். இணைய முடக்க உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும் என்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 ஜனவரி 10 அன்று. அடுத்த முறை எங்காவது நிறுத்தினால், உத்தரவின் நகலைக் கேட்டு மனுவோடு போய் நிற்கிற முதல் ஆள் அந்த மாவட்டத்துச் சட்டக் கல்லூரி மாணவராக இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? தகவல் மனுவிலிருந்து தொடங்குங்கள். வெள்ளைத்தாள், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. சட்டத்தின் 6(1) பிரிவு தமிழிலேயே எழுத உரிமை தருகிறது. காவல்துறையிடம் கேளுங்கள்: முக அடையாள மென்பொருளை எந்தச் சட்டப்பிரிவின்கீழ் பயன்படுத்துகிறீர்கள், எத்தனை விழுக்காட்டுக்கு மேல் பொருத்தம் என்று கொள்கிறீர்கள், சாலையில் எடுத்த படம் பொருந்தாவிட்டால் எத்தனை நாளில் அழிக்கிறீர்கள், பதினெட்டு வயது ஆகாதவர்கள் படம் அதில் உண்டா, இதுவரை தவறாகப் பொருந்தியவை எத்தனை, வாங்கிய ஒப்பந்தத்தின் நகல் எங்கே. இவற்றில் எதுவும் யாருடைய தனிப்பட்ட தகவலும் இல்லை. புதிய 8(1)(ஞ) இதைத் தொட முடியாது. தொட்டாலும் 8(2) பிரிவு அப்படியேதான் இருக்கிறது. பொது நலன் பெரிதென்றால் விலக்களிக்கப்பட்ட தகவலையும் தரலாம் என்கிறது அது. மேல்முறையீட்டில் அந்தப் பிரிவைத் தவறாமல் எழுதுங்கள். 24ஆம் பிரிவின்கீழ் விலக்குப் பெற்ற அமைப்பு என்று பதில் வந்தால், ஊழலும் மனித உரிமை மீறலும் அந்த விலக்குக்குள் வராது என்று அதே பிரிவே சொல்வதைச் சுட்டிக்காட்டுங்கள். ஹைதராபாத்தில் எஸ்.கியூ. மசூத் என்ற சமூகச் செயற்பாட்டாளர், 2021இல் சாலையில் காவலர்கள் நிறுத்தி, முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லிப் படம் எடுத்ததற்காகத் தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருக்கிறார். கேள்வி கேட்டு ஒரு நோட்டீஸ் அனுப்பி, பதில் வராததிலிருந்துதான் அந்த வழக்கு பிறந்தது. உங்கள் மனுக்களுக்கு வரும் பதில்களும், வராத பதில்களும் நாளைய ரிட் மனுவுக்கு ஆவணங்கள்.

இன்னொன்று, வரைவுகள். சட்டமியற்றுவதற்கு முன் குறைந்தது 30 நாள் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பது 2014இல் ஒன்றிய அரசு தானே வகுத்துக்கொண்ட கொள்கை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு 2020இல் வந்தபோது, எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் அதை வெளியிடச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அந்த 22 மொழிகளிலும் தரும்படி நிறுவனங்களுக்குக் கட்டளையிடுகிறது. நிறுவனத்திடம் எதிர்பார்ப்பதை அரசு தன் வரைவுகளிலும் செய்ய வேண்டும் என்று கேட்பது நியாயம். கேட்டுக்கொண்டே, அதுவரை நீங்களே செய்யுங்கள். மதுரையிலும் திருச்சியிலும் கோவையிலும் நெல்லையிலும் தர்மபுரியிலும் ராமநாதபுரத்திலும் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு வரைவு விதி வந்த பத்து நாளில் அதைத் தமிழில் நாலு பக்கமாகச் சுருக்கி, பிரிவு வாரியாக ஆட்சேபங்களை எழுதி வைக்க ஒரு கல்லூரியில் பத்துப் பேர் போதும்.

அந்த நாலு பக்கத்தை எங்கே கொண்டுபோவது என்று யோசிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ரேஷன் கடையில் கைரேகை விழாமல் திரும்பிய பாட்டிகள் அங்கே இருப்பார்கள். என்ன ஏதென்று தெரியாமல் ஆதார் எண்ணையும் ஓ.டி.பி.யையும் யாருக்கோ சொல்லிவிட்டவர்கள் இருப்பார்கள். 44(3) பற்றி அவர்களிடம் தலைப்பிட்டுப் பேச வேண்டாம். நம் ஊர்ச் சாலைக்கு யார் ஒப்பந்தம் எடுத்தார் என்று இனிமேல் கேட்டால் சொல்ல மறுக்கலாமாம் என்று தொடங்குங்கள். மிச்சத்தை அவர்களே கேட்பார்கள். தீர்மானம் வரும். அந்தத் தீர்மானத்தின் நகலை உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் விரைவஞ்சலில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைக் கோப்பில் வையுங்கள். 44(3)ஐ நீக்கக் கோரும் தனிநபர் மசோதாவை ஒரு தமிழ்நாட்டு உறுப்பினர் கொண்டுவர வேண்டும் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதிக் கேளுங்கள். வரைவு மசோதாவையும் நீங்களே எழுதி இணைத்துவிடுங்கள். பழைய 8(1)(ஞ)வை ஒரு வார்த்தை மாறாமல் திரும்ப வைத்தால் போதும், அது ஒரு பக்கத்துக்கு மேல் வராது.

அன்புடன்,
உங்கள் மூத்த தோழர்களில் ஒருவர்